குண்டு விழுந்த தூரம்வரை: கடலூர், சிதம்பரம் நகர எல்லைகளின் வரி வரலாறு

சிதம்பரம் நகரம் அரசின் வரி வருவாயால் விரிந்ததற்குத் தெளிவான பழைய சான்று 1128ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தன் ஆட்சியின் பத்தாம் ஆண்டில் விக்கிரம சோழன், சிற்றரசர்கள் செலுத்திய திறையில் பெரும்பகுதியைத் தில்லைக் கோயில் திருப்பணிக்கே ஒதுக்கினான். பொன் வேய்ந்த கூரையும் திருச்சுற்று மாளிகையும் எழுந்தன. கோயிலைச் சூழ்ந்த பெருவீதி விக்கிரமசோழன் திருவீதி என்று அவன் பெயரைப் பெற்றது. முதலாம் குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் படைத்தலைவனாக இருந்த மணவில் கூத்தன் என்னும் நரலோக வீரன், மாசிக் கடலாட்டுக்குச் சுவாமி எழுந்தருளக் கடற்கரைவரை சாலை அமைத்தான். வழியில் குளமும் கரையில் மண்டபமும் கட்டினான் என்று கல்வெட்டுகள் கூறுகின்றன.

இன்றும் சிதம்பரத்தின் அமைப்பைத் தீர்மானிப்பவை கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி ஆகிய நான்கு தேர் வீதிகளே. தேர் திரும்ப வேண்டும் என்பதால் மூலைகள் அகன்றன. ஆண்டுதோறும் தேர் ஓட வேண்டும் என்பதால் ஆக்கிரமிப்புக்கு ஓரளவு தடை இருந்தது. எழுதிய சட்டம் எதுவும் இல்லாமலே ஒரு வீதியின் அகலத்தைப் பல நூற்றாண்டுகள் காத்துநின்ற ஏற்பாடு இது.

இந்த நகரத்துக்கான பணம் நகரத்துக்கு வெளியிலிருந்து வந்தது. மேற்கே வீராணம் ஏரி. அதன் பாசனத்திலும் கொள்ளிடத்தின் வண்டலிலும் விளையும் நெல்வயல்கள். அவற்றின் நடுவே இன்றைய குமராட்சி, காட்டுமன்னார்கோயில் வட்டாரம். முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப் பெயரைத் தாங்கிய ஏரி வீராணம். சோழர் காலத்து ஊர்ச்சபைகள் ஏரி வாரியம் அமைத்து, ஏரி ஆயம் என்ற வரியை வசூலித்து, அதை ஏரியின் தூர்வாரலுக்கும் கரைக்குமே செலவிட்டன. எந்த நீரால் நிலம் விளைந்ததோ அந்த நீருக்கே வரி திரும்பிப் போயிற்று. அரசனுக்குப் போன கடமையும் திறையும் அப்படித் திரும்பவில்லை. அவை தலைநகருக்கும் கோயில் நகருக்கும் சென்றன. வசூலான இடத்திலேயே செலவாகும் வரி ஒன்று, வேறிடம் போகும் வரி ஒன்று என்ற இந்த இரண்டு வழிகளும் பிற்கால நகராட்சிச் சட்டங்கள்வரை தொடர்ந்து வந்திருக்கின்றன.

கடலூரின் எல்லை வேறு விதமாகப் பிறந்தது. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. விலையில் கோட்டை மட்டும் அடங்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அந்தத் தூரத்துக்குள் இருக்கும் ஊர்களும் சேர்த்தி. பெரிய பீரங்கி ஒன்று நிறுத்தப்பட்டு, பல திசைகளிலும் சுடப்பட்டது. குண்டுகள் விழுந்த இடங்கள் எல்லையாயின. கடலூர் நகரமும் அந்த வட்டத்துக்குள் வந்தது. அவ்வாறு சேர்ந்த ஊர்கள் நெடுங்காலம் குண்டு கிராமங்கள் என்றே வழங்கின.

இந்த நிகழ்ச்சி வேடிக்கைக் கதையாகச் சொல்லப்படுவதுண்டு. அந்த ஊர்களில் உழுதவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது. நிலம் அதே நிலம், விளைச்சல் அதே விளைச்சல். கிஸ்தி வாங்குபவர் மட்டும் மாறினார். சுங்கமும் தீர்வையும் அதன்பின் கோட்டை மதிலுக்கும் பண்டகசாலைக்கும் சிப்பாய்களின் சம்பளத்துக்கும் போயின. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே 1752வரை இந்தக் கோட்டையில் இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையைக் கைப்பற்றி இடித்தது. கோட்டை போனாலும் குண்டு வகுத்த வட்டத்துக்குள் இருந்த குடியிருப்புகள் ஒன்றோடொன்று நெருங்கி வளர்ந்தன. துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரம், ஆட்சியர் அலுவலகம் அமைந்த மஞ்சக்குப்பம், பாடலேசுவரர் கோயிலைச் சுற்றிய திருப்பாதிரிப்புலியூர், கடற்கரைத் தேவனாம்பட்டினம் ஆகியவை சேர்ந்ததே கடலூர். ஓ.டி. (பழைய நகரம்), என்.டி. (புதிய நகரம்) என்று ஊர்க்காரர்கள் பிரித்துச் சொல்வதில் அந்தப் பன்மை இன்னும் கேட்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையிலான வரிக்கோட்டைச் சட்டம் வரைந்தது. 1836இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. வடவாறு வழியாக வீராணத்துக்கும், வடக்கு ராஜன் வாய்க்கால் வழியாகச் சிதம்பரம் பக்கத்து வயல்களுக்கும் நீர் உறுதியாயிற்று. இந்த நீரின் விலையை வசூலிக்கச் சென்னை மாகாண அரசு கொண்டுவந்தது 1865ஆம் ஆண்டின் 7ஆம் சட்டம்: பாசனத் தீர்வைச் சட்டம். அதே ஆண்டின் 10ஆம் சட்டம் நகர மேம்பாட்டுச் சட்டம். இரண்டும் மூன்று எண்கள் இடைவெளியில் பிறந்தவை. அரசு செய்யும் முன்னேற்ற வேலையின் பயனை அடைபவர் அதற்குப் பணம் தர வேண்டும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. கிராமத்தில் அது தண்ணீர்த் தீர்வை. நகரத்தில் அது வீட்டு வரி.

நகர மேம்பாட்டை மக்களின் விருப்பத்துக்கு விட்ட 1850ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் பெரிதாகப் பலிக்கவில்லை. தாமாகக் கேட்டு வரி கட்டும் ஊர் எங்கும் அரிது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விருப்பத்தை எடுத்துவிட்டது. அரசு அறிவித்தால் அந்த ஊர் நகராட்சி. அதன்படி 1866இல் கடலூர் நகராட்சியாயிற்று. ஆனால் மேம்பாடு என்ற பெயரைத் தாங்கிய அந்தச் சட்டம், நகரக் காவல்துறைச் செலவில் முக்கால் பங்கையும் நகராட்சியின் தலையில் வைத்தது. சாலைக்கும் சாக்கடைக்கும் கேட்ட வரி, போலீஸ் சம்பளமாகப் போயிற்று. கடலூர் மக்கள் முதன்முதலாகக் கட்டிய நகர வரி இத்தகையது. இந்தக் குறை 1871ஆம் ஆண்டின் 3ஆம் சட்டத்தில் நீங்கியது. காவல் செலவு விலகி, கல்வி, சுகாதாரம், அம்மை குத்துதல் போன்றவை நகராட்சியின் பொறுப்பாயின. சிதம்பரம் நகராட்சி 1873இல் அமைந்தது இந்தச் சட்டத்தின் கீழ்தான். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் பெருங்கூட்டம் திரளும் ஊருக்குச் சுகாதாரமே முதல் தேவையாக இருந்தது.

வைசிராய் ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டு உள்ளாட்சித் தீர்மானத்தையொட்டி வந்த 1884ஆம் ஆண்டுச் சட்டங்கள் தேர்தலுக்கு இடம் தந்தன. நகரங்களுக்கு ஒரு சட்டம், கிராமங்களைக் கொண்ட ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகளுக்கு இன்னொரு சட்டம் என்ற பிரிவு அப்போது உறுதிப்பட்டது. ஒரே வாய்க்கால் நீரில் விளைந்து, ஒரே சந்தையில் விற்று வாழ்ந்த சிதம்பரமும் குமராட்சியும் அன்று முதல் இரண்டு கருவூலங்களுக்கு உரியவை ஆயின.

அடுத்த பெரிய மாற்றம் 1920இல் வந்தது. அதற்கு முன்னோடியாக ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். நகரமைப்பு அறிஞரான பேட்ரிக் கெடிஸ் 1914, 1915ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தமிழகக் கோயில் நகரங்களின் அமைப்பை அவர் உயர்வாக மதித்தார். நெருக்கமான தெருக்களை இடித்துத் தள்ளி நேர் சாலை போடுவதை விட்டு, சிதைந்த வீடுகளை மட்டும் அகற்றி, சிறு திறந்தவெளிகள் உண்டாக்கினால் மிகக் குறைந்த செலவில் ஊர் திருந்தும் என்று தஞ்சைக் கோட்டைப் பகுதியைக் கொண்டு அவர் காட்டினார். அவருக்குப் பின் வந்த ஹென்றி லான்செஸ்டர் 1918இல் சென்னை மாகாண நகரமைப்பு பற்றிய நூலை வெளியிட்டார்.

1920ஆம் ஆண்டின் 7ஆம் சட்டமான சென்னை நகரமைப்புச் சட்டத்தில் இருந்த புதுமை, மேம்பாட்டுக் கட்டணம். நகராட்சி ஒரு பகுதியைத் திட்டப் பரப்பாக அறிவித்துச் சாலையும் வடிகாலும் பூங்காவும் அமைக்கும். அதனால் அங்குள்ள மனையின் மதிப்பு உயரும். மனைக்காரர் கைவைத்து உழைக்காமல் வந்த அந்த உயர்வில் ஒரு பகுதியை நகராட்சி வாங்கி, திட்டச் செலவுக்கே பயன்படுத்தும். ஏரி ஆயத்தின் நியாயம் நகர மனைக்கு வந்தது என்றே இதைச் சொல்லலாம்.

இந்தச் சட்டத்தின் கீழ் சென்னையில் நடந்த பெரிய முயற்சி மாம்பலம். 1923இல் பழைய நெடிய ஏரியின் பரப்பில் தொடங்கிய திட்டம், நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரில் தியாகராய நகராயிற்று. கடலூரும் சிதம்பரமும் அடங்கிய தென்னார்க்காடு போன்ற மாவட்டங்களின் சிறு நகராட்சிகளுக்கு இத்தகைய திட்டம் எட்டாத தொலைவில் இருந்தது. திட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மனைக்கும் மதிப்பிட வேண்டும். அதற்கு நில அளவையர் வேண்டும். தகராறு தீர்க்க நடுவர் வேண்டும். முடிவு வரும்வரை கடன் வாங்கிச் செலவு செய்யக் கைப்பணம் வேண்டும். மன்றத்தில் அமர்ந்திருந்தவர்களில் பலரும் மனைக்காரர்கள். சொந்த மனையின் உயர்வைத் தாமே மதிப்பிட்டு வரி போட யாரும் முந்தவில்லை. மேம்பாட்டுக் கட்டணம் சட்டப் புத்தகத்தில் நல்ல ஏற்பாடாக இருந்தது, நகராட்சிகளின் வரவு ஏட்டில் பெரிய தொகையாக ஒருபோதும் ஆகவில்லை. சிறு நகராட்சிகள் நம்பியிருந்தது அதே 1920ஆம் ஆண்டின் 5ஆம் சட்டமான மாவட்ட நகராட்சிகள் சட்டத்தையே. ஆண்டு வாடகை மதிப்பை அடிப்படையாகக் கொண்டு பொது வரி, தண்ணீர் மற்றும் வடிகால் வரி, விளக்கு வரி என்று சொத்து வரியைப் பிரித்து அது வாங்கியது.

அமெரிக்காவில் இதே நியாயம் வேறு வடிவம் எடுத்தது. கலிபோர்னியா மாநிலம் 1952இல், மறுமேம்பாட்டு வட்டாரம் என்று ஒரு பகுதியை அறிவித்து, அன்றைய சொத்து வரி வருவாயை அடிப்படைத் தொகையாக நிறுத்திவைக்கும் முறையைத் தன் அரசமைப்பில் ஏற்றது. அதற்குப் பின் உயரும் வரி முழுவதும் அந்த வட்டாரத்தின் மறுமேம்பாட்டுக்கே போகும். மனையை மதிப்பிட்டுத் தனிக் கட்டணம் கேட்கும் தொல்லை இதில் இல்லை. ஆனால் வட்டாரத்தின் பரப்பைக் கூட்டுவதும், முடிய வேண்டிய காலத்தை நீட்டிப்பதும் பழக்கமாயின. அவ்வாறு ஒதுங்கிய பணம் பள்ளிகளுக்கும் பிற உள்ளாட்சிகளுக்கும் வராமல் போயிற்று. ஏறத்தாழ 400 மறுமேம்பாட்டு முகமைகளையும் அம்மாநிலம் 2012 பிப்ரவரியில் கலைத்துவிட்டது. வரியை ஓரிடத்தில் கட்டிவைப்பது நல்லது. அதற்குக் கால எல்லையும் கணக்கும் இல்லாவிட்டால் கெடுதல் என்பதற்கு அது போதிய சான்று.

சிதம்பரத்தின் நிதி நிலை நெடுங்காலமாக இறுக்கமாகவே இருந்ததற்கு ஊரின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. நகராட்சியின் பரப்பு சுமார் 4.8 சதுர கிலோமீட்டர். அதன் நடுவே ஏறத்தாழ 40 ஏக்கரில் நடராசர் கோயில் நிற்கிறது. வழிபாட்டிடங்களுக்குச் சொத்து வரி கிடையாது, அது முறையானதும்கூட. ஆனால் ஊருக்கு வரும் கூட்டத்துக்கான தண்ணீரும் துப்புரவும் நகராட்சியின் செலவு. இன்னொரு பக்கம், இரயில் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1920இல் மீனாட்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1929இல் பல்கலைக்கழகமான அந்தப் பெருவளாகம், அண்ணாமலை நகர் என்ற தனிப் பேரூராட்சியாயிற்று. மாணவர்கள் அறை எடுப்பதும் கடைகளில் வாங்குவதும் சிதம்பரத்தில். வளாகத்தை ஒட்டி வளர்ந்த வீடுகளும் விடுதிகளும் வரி கட்டுவது பேரூராட்சியில். நகரத்தை வளர்த்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று வரிக்கு விலக்கு, மற்றொன்று எல்லைக்கு வெளியே. 2011 கணக்கெடுப்பில் 62,153 மக்கள் இருந்த நகராட்சி, எல்லையைத் தாண்டிப் பார்ப்பதில் வியப்பில்லை.

எல்லைக்கு வெளியே இருந்த கிராமங்களுக்கு 1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் புதிய வடிவம் தந்தது. ஜில்லா போர்டு முறையின் இடத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் எழுந்தன. 57 ஊராட்சிகளைக் கொண்ட குமராட்சி ஒன்றியம் அந்த ஏற்பாட்டின் வழி வந்தது. நிலவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 காசு தலத் தீர்வை என்பது அப்போதைய விதி. அரசின் ஈட்டு மானியமும் வீட்டு வரியும் அதனுடன் சேரும். நெல்லை நம்பிய ஒன்றியத்தில் வீட்டு வரி சிறு தொகை. சாலை, பள்ளி, குடிநீர் எல்லாம் மானியத்தைப் பார்த்தே இருந்தன. நீரால் மதிப்பு உயர்ந்த நிலத்துக்கும் கட்டணம் கேட்க 1955இல் பாசன மேம்பாட்டுக் கட்டணச் சட்டம் ஒன்று வந்தது. நகர மனைக்குக் கேட்டதையே வயலுக்கும் கேட்ட சட்டம் அது.

1947இல் சென்னையில் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை 1961இல் வீட்டுவசதி வாரியமாகி மாநிலம் முழுவதும் பரவியது. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. மதிப்பு உயர்வில் பங்கு கேட்கும் பழைய கட்டணம் நடைமுறையில் மறைந்து, மனைப்பிரிவுக்கும் கட்டட அனுமதிக்கும் வாங்கும் வளர்ச்சிக் கட்டணம் முக்கியத்துவம் பெற்றது. இது வசூலிக்க எளிது. ஆனால் வயல் மனையாகும் அந்த ஒரு தருணத்தில் மட்டும் வாங்கும் தொகை இது. சாலை போட்டபின் இருபது ஆண்டுகள் உயர்ந்துகொண்டே போகும் மதிப்பை அது தொடுவதில்லை. கடலூரின் தெற்கே 1984இல் எழுந்த சிப்காட் தொழிற்பேட்டையும் நகராட்சிக்கு வெளியே, ஊராட்சிகளின் நிலத்தில் அமைந்தது.

அதன்பின் பணத்துக்கான வழி நகரத்தின் வரியிலிருந்து கடனுக்குத் திரும்பியது. உலக வங்கியின் துணையோடு 1988இல் நகராட்சி நகர்ப்புற வளர்ச்சி நிதியும், 1996இல் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும் வந்தன. 2002இல் சிறு நகராட்சிகள் கூட்டாகக் கடன் திரட்டும் குடிநீர், துப்புரவுக்கான கூட்டு நிதி வந்தது. கூட்டு நிதி இந்தியாவில் புதிய முயற்சி. தனியே கடன் பத்திரம் விற்க முடியாத சிறு ஊர்களுக்கு அது உண்மையான உதவி. 2017இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்புப் பிடிப்பு நிதிக் கொள்கை, 1920இல் சென்னை மாகாணம் எழுதிவைத்த கருத்தை மீண்டும் பரிந்துரைத்தது.

எல்லை விரிவின் விளைவை அறியச் சென்னையின் 2011ஆம் ஆண்டு அனுபவம் பயன்படும். அந்த ஆண்டு அக்டோபரில் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆயிற்று. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் இணைந்தன. பத்தாண்டு கடந்தும் இணைந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை முடியவில்லை.

2021 ஆகஸ்ட் 24 அன்று சட்டமன்றத்தில் கடலூர் உட்பட ஆறு நகராட்சிகள் மாநகராட்சியாகும் என்று அறிவிக்கப்பட்டது. இதே மாவட்டத்தில் வடலூரும் திட்டக்குடியும் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாயின. 2011இல் 1,73,636 மக்களும் 27.69 சதுர கிலோமீட்டரும் கொண்டிருந்த கடலூருக்கு 2022 பிப்ரவரியில் 45 வார்டுகளுடன் முதல் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மாநிலம் முழுவதும் சொத்து வரி உயர்ந்தது. சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 600 சதுர அடிவரையுள்ள வீட்டுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேல் 100 விழுக்காடும் கூடின. 2024ஆம் ஆண்டின் இறுதியில் 16 மாநகராட்சிகளையும் 41 நகராட்சிகளையும் அருகிலுள்ள ஊராட்சிகளைச் சேர்த்து விரிவாக்கும் ஆணைகள் வந்தன. பல மாவட்டங்களில் கிராம மக்கள் மறியல் செய்தார்கள், ஆட்சியர் அலுவலகங்களில் மனுக் கொடுத்தார்கள்.

அவர்களின் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. ஊராட்சி நகரத்தோடு சேர்ந்தால், கிராமங்களுக்கு மட்டுமே உரிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை நின்றுவிடும். வயல் வேலை இல்லாத மாதங்களில் கொள்ளிடக் கரைப் பெண்களுக்குக் கையில் காசாக வந்தது அந்த வேலைதான். வீட்டு வரி நகரக் கணக்கில் மாறும். கட்டட அனுமதிக் கட்டணம் கூடும். கிராம சபை கலையும். கிடைக்க வேண்டிய குழாய்த் தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு ஆகியவற்றுக்கு எந்த ஆணையிலும் தேதி இராது. நகரத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. புறவழிச்சாலை ஓரத்து மனைகளின் விலையை உயர்த்துவது சிதம்பரத்தின் மருத்துவமனையும் சந்தையும் பள்ளியும். அவற்றின் செலவில் பங்கு கொள்ளாமல் அந்த மனைகள் வெளியே நிற்பது சரியன்று. எல்லை விரிவே தவறு என்று சொல்வதற்கில்லை. வரி வசூல் தொடங்கும் நாள் ஆணையில் இருக்க, வேலை தொடங்கும் நாள் இல்லாமல் போவதே தவறு.

1865இன் சட்டமும் 2021இன் ஆணையும் இந்தத் தவறில் ஒத்திருக்கின்றன. இதைத் தீர்க்க வழி உண்டு. நகரத்தோடு சேரும் ஊராட்சியில் கூடுதலாக வசூலாகும் சொத்து வரி குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு அந்த ஊரின் குடிநீருக்கும் வடிகாலுக்கும் மட்டுமே செலவாகும் என்றும், அதன் கணக்கு ஆண்டுதோறும் அந்த வார்டு மக்கள் முன் படிக்கப்படும் என்றும், அந்த ஆண்டுகள் முடிந்ததும் பணம் நகரத்தின் பொது நிதியில் சேரும் என்றும் எல்லை விரிவாக்க ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். சிதம்பரத்தை ஒட்டிய குமராட்சி ஒன்றியத்து ஊர்களின் பெயர் அடுத்த பட்டியலில் வருமானால், ஆட்சேபணைக் காலத்தில் அவை முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.